கால்காரரின் கணக்கு

செயற்கைக் கால் செய்கிற அவரை எல்லோரும் கால்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சமூக வலைத்தளக் கணக்கும் அந்தப் பெயரில்தான் இருந்தது. பட்டை அறுந்தாலும், தோல் உரசிப் புண்ணானாலும் வெளியூர்க்காரர்கள் அதில் படம் அனுப்பி வழி கேட்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை கணக்கு முடக்கப்பட்டது. அது உண்மையான பெயர் இல்லையாம். தினமும் கையில் ஒட்டிய, கால் அச்செடுக்கும் மாவைக் கழுவிவிட்டு முறையீடு எழுதினார். ஒவ்வொரு தடவையும் அதே பதில் வந்தது. செயலி முகத்தைக் கேமரா முன் இடமும் வலமும் திருப்பிக் காட்டச் சொன்னது, காட்டினார். பத்தாம் நாள் கழுத்தைத் திருப்பவே அலுப்பாக இருந்தது.

“அடையாள அட்டையில இருக்கற பேரையே போட்டுத் தொலைங்களேன்,” என்றாள், பட்டை தைத்துக்கொண்டிருந்த மனைவி.

“அந்தப் பேர்ல என்னை யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

போட்டார். ஒரு மணி நேரத்தில் கணக்கு திரும்பி வந்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் ஒரு பெண் போனில் அழைத்தாள். “அண்ணே, உங்க கணக்கை வேற யாரோ பிடிச்சுக்கிட்டாங்க. பேரே வேற.”

“அதுவும் நான்தாம்மா.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. “அப்ப என் பையனுக்கு எந்தக் கால்னு சொல்லுங்க.”

“இடது. முட்டிக்குக் கீழ. ஒரு வருஷமாச்சு, வளர்ந்திருப்பான். புதுசா அளவெடுக்கணும்.”



“எப்ப கூட்டிட்டு வரட்டும்ணே?” என்றாள்.