யோகம் டீச்சர் கேட்ட ஆதாரம்

யோகம் டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கொக்கட்டிச்சோலை வயல் வட்டையில், நெல் வெட்டு இயந்திரத்தைப் பாதி வயலில் நிறுத்திவிட்ட சாரதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா காலையில போயிற்றா, சேர்" என்றார் டீச்சரின் தங்கை தொலைபேசியில். அதற்குப் பிறகு யாரோடும் சண்டை பிடிக்க மனம் வரவில்லை. கல்லடிப் பள்ளிக்கூடத்தில் எங்களோடு படிப்பித்தவர்களுக்குத் தெரியும், நான் சண்டை பிடிப்பதற்கென்றே வாய்த்தவர் அவர்.

இருவருக்கும் தமிழ்ப் பாடம். பந்தியை வாசித்து எழுதும் கிரகித்தல் விடைகளைத் திருத்தும்போது டீச்சரின் பிடிவாதம் தாங்க முடியாது. விடையை எழுதினால் மட்டும் போதாது. பந்தியில் அந்த விடை இருக்கும் வரியின் கீழ்ப் பிள்ளை கோடும் கீற வேண்டும். கோடு இல்லையென்றால் புள்ளி இல்லை.

சுனாமிக்குப் பிறகு முகாமில் வகுப்பு நடந்தது. வெளியிலிருந்து வந்த வினாத்தாளில், எந்தப் புண்ணியவான் தெரிவு செய்தாரோ, கடலைப் பற்றிய பந்தி. கடல் மனிதருக்குத் தருவது என்ன என்பது வினா. மீனும் உப்பும் என்று பந்தி சொன்னது. தாயைக் கடலுக்குப் பறிகொடுத்த பிள்ளை ஒன்று, "கடல் ஒன்றும் தராது, எடுத்துக்கொண்டு போகும்" என்று எழுதியிருந்தது. டீச்சர் பிழை போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையா, டீச்சர்?"

"பிள்ளை எழுதினது உண்மைதான் சேர். ஆனா பந்தியில இல்லையே. சோதினையில இந்தப் பிள்ளைட கதைய ஆர் கேக்கப்போறாங்க?"

பிறகு அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, தானும் சேர்ந்து அழுதுகொண்டே கோடு கீற வைத்தார். இப்படிப்பட்டவரோடு எப்படித்தான் சண்டை பிடிப்பது?

போர் முடிந்தபோது, வன்னியிலிருந்த டீச்சரின் ஒரே மகன் நிமலனிடமிருந்து செய்தி வருவது நின்றது. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். எங்கு போனாலும் அதே கேள்வி, அதே "பிறகு வாங்க". கடைசியில் ஓர் அதிகாரி மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்கச் சொன்னார்.

"இவ்வளவு காலமா வரல்லத்தானே அம்மா?"

"வரல்ல எண்டுதான் நானும் சொல்றன். மகன் செத்த எண்டு எதில கிடக்கு? காட்டுங்க, வைக்கிறன்."

காட்ட அவரிடம் எதுவும் இருக்கவில்லை. டீச்சர் எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸில் நான் பொறுமையிழந்து, "வைச்சிற்று நிம்மதியா இருங்களன்" என்றேன். இறங்கும்போது அவர், "நாளைக்கும் வாறீங்கதானே சேர்?" என்று மட்டும் கேட்டார். போனேன். வேறு என்ன செய்ய? அதற்குப் பிறகும் வருடக்கணக்காக அலைந்தோம். ஒரு பதிலும் வரவில்லை.

செத்த வீட்டில், பத்திரிகைக்குக் கொடுக்க எழுதிய மரண அறிவித்தலைத் தங்கை என்னிடம் திருத்தத் தந்தார். 'காலஞ்சென்ற நிமலனின் அன்புத் தாயாரும்' என்றிருந்தது. முதற் சொல்லை வெட்டினேன்.

"ஏன் சேர்? எல்லாரும் அப்பிடித்தானே நினைக்காங்க?"

"நினைக்கட்டும். எதில கிடக்கு? காட்டுங்க."

குரல் உரத்துவிட்டது. செத்த வீட்டில் கத்தினேன் என்று குறைப்பட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம் ஒன்றுதான். நிமலனுக்கு என்ன நடந்தது என்று கேட்டு அலைந்தவர் போய்விட்டார். இனி நான் கேட்பேன்.