கவர் தராத கடை

பொருட்காட்சியில் ஸ்டால் போட்டவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாம் விற்பது அதிரசமோ அப்பளமோ, ஜனங்கள் கேட்டு வாங்குவது கவர். எடை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்கூட மன்னித்துவிடுவார்கள், கவர் இல்லை என்றால் மன்னிக்க மாட்டார்கள். செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் வருஷா வருஷம் நடக்கும் பொருட்காட்சியில் மேல்சித்தாமூர்க்காரனான நானும் என் மனைவி பத்மாவும் அதிரசம், முறுக்கு, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையில் உருண்டை விற்கிறோம். கடைசியாகப் போட்ட ஸ்டாலில் ஒரு கவர்கூடத் தருவதில்லை என்று முடிவெடுத்தேன். இப்படி வீராப்பாகக் கிளம்பி அடிபட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பந்தல் போடும்போதே

எங்கள் ஸ்டால் வரிசைக்குப் பின்னால் ஒரு முள்வேலி. அதற்கு அந்தப் பக்கம் அருள்மேரியின் மாட்டுக் கொட்டகை. அந்தம்மாவும் புருஷன் சின்னப்பனும் பால் ஊற்றிப் பிழைப்பவர்கள். முந்தைய பொருட்காட்சி முடிந்த பிறகு, மைதானத்தில் கிடந்த குப்பையைத் தின்று அவர்கள் மாடு செத்துப்போனது. வயிறு முழுக்கக் கவர். இருந்த ஆடுகளையெல்லாம் கொடுத்துவிட்டு ஒரு செவலைப் பசுவை வாங்கிக் கட்டியிருந்தார்கள். நாங்கள் பந்தல் போட்டபோது அது நிறைசினை.

எங்களுடையது தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் ஜைனக் குடும்பம். தெரியாமல் ஒரு பூச்சிகூடச் சாகக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். அப்படிப்பட்டவனிடம், ஊரார் எங்களைக் கூப்பிடுகிற முறையிலேயே கூப்பிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு அருள்மேரி சொன்னது இது:

“நைனாரே, எங்களுக்கு இப்ப இது ஒண்ணுதான் இருக்குது. இது கன்னு போட்டாத்தான் வூட்ல அடுப்பு எரியும். இந்த வாட்டியாச்சும் கவர் போடாதீங்க. மத்தவங்களுக்கும் சொல்லுங்க.”

இலையும் வெள்ளைச் சட்டையும்

வாழை இலையைத் துண்டு போட்டு, கிழியாமல் இருக்க அனலில் வாட்டி, பலகாரத்தை வைத்து வாழைநாரால் கட்டிக் கொடுத்தோம். நிறைய வாங்குகிறவர்கள் தூக்குவாளி கொண்டு வரலாம் என்று அட்டையில் எழுதி வைத்தோம். சரக்கை அட்டைப் பெட்டியில் கொண்டு வராமல் எண்ணெய் டின்னில் கொண்டு வந்தோம். குடிக்க பாட்டில் தண்ணீர் கிடையாது, பானையும் டம்ளரும்தான். பத்மாவுக்கு விரல் நுனியெல்லாம் இலைக் கறை. எனக்கு ஒரே பெருமை, எதையோ சாதித்துவிட்டதாக.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அதிரசம் வாங்கினார். பையில்லாமல் வந்திருந்தார், பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டை விளக்கு அலங்காரத்தைப் பார்க்கப் போனார். அதிரசத்துக்கு எண்ணெய் கசியும் என்பதை அவரும் மறந்தார், நானும் மறந்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். சட்டையில் பை இருக்கிற இடம் முழுக்கப் பழுப்பு. துவைக்கும் வழியைப் பத்மா சொல்லத் தொடங்கினாள். அவர் காதில் வாங்கவில்லை.

“ஊரத் திருத்தறதா இருந்தா உன் சட்டையில ஆரம்பிக்கறதுதானே? இன்னாத்துக்கு எங்கிட்ட வர்றே?”

பக்கத்து ஸ்டால் குமார்

பக்கத்து ஸ்டாலில் குமார் பெரிய அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் போட்டான். கவர் விஷயத்தில் கர்ணன். கேட்டால் ஒன்று, கேட்காவிட்டால் இரண்டு. அருள்மேரி சொன்னதை அவனிடம் சொன்னேன். உச்சுக் கொட்டினான், நிஜமாகவே வருத்தப்பட்டான். வருத்தப்பட்டுக்கொண்டே ஒரு பஜ்ஜியைக் கவரில் போட்டு நீட்டினான்.

இரண்டாம் நாளே விஷயம் புரிந்தது. என்னிடம் இலைப் பொட்டலம் வாங்குகிறவர்கள் நேராகக் குமாரிடம் போய் ஒரு கவர் வாங்கி, பொட்டலத்தை அதில் போட்டுக்கொண்டு போனார்கள். சிலர் இலையைப் பிரித்து வீசிவிட்டு முறுக்கை மட்டும் கவரில் கொட்டிக்கொண்டார்கள். அதாவது நான் தராத கவர் ஒவ்வொன்றையும் குமார் தந்துகொண்டிருந்தான். ஏன்டா இப்படி என்று கேட்டேன். அவனுக்குக் கோபமே வரவில்லை, உதவி செய்கிற முகம்.

“உனக்குப் பாவம் வேணாம்னா வுடு நைனாரே, நான் வாங்கிக்கறேன். நமக்கெல்லாம் ஏற்கெனவே நெறைய இருக்குது, இதுவும் அதோட போவட்டும்.”

துணிப்பை விநியோகம்

விழாக் குழுச் செயலாளரிடம் போய் முறையிட்டேன். நல்ல மனிதர், உடனே ஒப்புக்கொண்டார். “பிளாஸ்டிக் ஒழிப்போம்” என்று மைதானத்தைச் சுற்றி ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். ஃப்ளெக்ஸும் பிளாஸ்டிக்தானே என்று பத்மா கேட்டாள், நான்தான் அவளை அடக்கினேன். மேடை போட்டு எல்லா ஸ்டால்காரர்களுக்கும் துணிப்பை கொடுத்தார்கள். எனக்குத் தனியாக ஒரு சால்வை.

துணிப்பை ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. சால்வையும் அப்படித்தான். பைகளை எடுத்துக்கொண்டு கவரை எல்லோரும் மேடையடியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். காற்றடித்ததும் அத்தனையும் பறந்துபோய் அருள்மேரியின் முள்வேலியில் வரிசையாகக் குத்திக்கொண்டு நின்றன. நானும் பத்மாவும் போய்ப் பொறுக்கினோம். செயலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“கவர்ல போடலன்னா பை அழுக்காயிடும் சார். அழுக்குப் பையக் குடுத்தா நம்பள யாரு மதிப்பாங்க?”

செவலைக்குச் சாப்பாடு

ஒன்றே ஒன்று நன்றாக நடந்தது. அங்கேயே நின்று தின்கிறவர்கள் இலையைப் போட ஒரு கூடை வைத்திருந்தேன். அது நிறைந்ததும் வேலியோரம் கொண்டு போய்க் கொட்டுவேன். அருள்மேரி செவலையைக் கயிற்றோடு பிடித்து வருவாள். வெல்லப் பாகு ஒட்டிய இலை என்றால் செவலைக்கு உயிர். ஒன்றுவிடாமல் நக்கி, மென்று, இன்னும் இருக்கிறதா என்று என் கையைப் பார்க்கும். அது தின்பதைப் பார்க்கும்போதுதான் அன்றைக்குப் பட்ட அவமானமெல்லாம் போகும். குப்பையே இல்லாத கடை என்று இதைப் பலர் செல்போனில் படம் எடுத்தார்கள்.

நாலைந்து நாளில் செவலை பழகிவிட்டது. கூடையின் சத்தம் கேட்டாலே கொட்டகையிலிருந்து குரல் கொடுக்கும். அதன் வயிற்றைத் தடவிக்கொண்டு அருள்மேரி சிரித்தாள். அந்தம்மா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“தவிடு வெச்சா மூஞ்சத் திருப்பிக்குது நைனாரே. இதுக்கு இப்ப உங்க கடைதான் ஓட்டலு.”

குப்பை வண்டி

பொருட்காட்சி முடிந்தது. ராட்டினத்தைக் கழற்றினார்கள், பந்தலைப் பிரித்தார்கள். எங்கள் இடத்தில் அடுப்புக் கரியைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் வரிசை முழுக்க இருந்த குப்பையைத் தள்ளிக் கொண்டுவந்து, காலியாக இருந்த எங்கள் இடத்தில்தான் குவித்தார்கள். சுத்தமாக இருந்ததுதான் அந்த இடம் செய்த குற்றம். பஜ்ஜிக் கவர், பஞ்சுமிட்டாய்க் கவர், எங்கள் அதிரச இலையோடு வீசிய கவர், ஜூஸ் டம்ளர், எச்சில் சோறோடு முடிச்சுப் போட்ட கவர். மழை வேறு தூறி எல்லாம் ஊறிக்கிடந்தது.

குப்பை அள்ளும் கான்டிராக்டரைப் பிடித்தேன். வண்டி வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறது, திங்கட்கிழமைதான் வரும் என்றார். பின்னால் சினைமாடு இருக்கிறது என்றேன். கட்டி வைக்கச் சொல்லுங்கள் என்றார். கட்டித்தான் இருந்தது. அவருக்கு நான் ஏன் மல்லுக்கு நிற்கிறேன் என்பதே விளங்கவில்லை.

“நீங்க போட்டதுல குப்பையே இல்லியே சார். அப்புறம் உங்களுக்கு இன்னா டென்ஷன்?”

முளையைப் பிடுங்கிக்கொண்டு

ஊருக்கு வந்த சில நாளில் சின்னப்பன் போன் செய்தார். செவலை அசை போடவில்லை, வயிறு உப்பிக்கிடக்கிறது என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். மாட்டு டாக்டர் எனக்கு முன்னால் வந்திருந்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ஊசி போட்டார், இந்த நிலைமையில் அறுக்க முடியாது, அறுக்காமலும் முடியாது என்றார். யோசிப்பதற்குள் முடிந்துவிட்டது. உள்ளே இருந்த கன்றையும் காப்பாற்ற முடியவில்லை. சாவதற்கு முன்னால் அது என் கையைப் பார்த்தது.

என்ன நடந்தது என்று சின்னப்பன்தான் சொன்னார். பொருட்காட்சி முடிந்த மறுநாளே செவலை முளையைப் பிடுங்கிக்கொண்டு, வேலியைத் தாண்டி, நேராக எங்கள் ஸ்டால் இருந்த இடத்துக்குப் போயிருக்கிறது. அங்கே வெல்ல வாசனையோடு ஒரு குவியல். இலை எது, கவர் எது என்று அதற்கு யார் சொல்லித் தந்தார்கள்? இவர்கள் தேடிக்கொண்டு போய்ப் பிடிப்பதற்குள் தின்று முடித்திருந்தது. டாக்டர் வயிற்றைக் கிழித்து எடுத்துக் காட்டினார். கவரெல்லாம் கயிறாக முறுக்கிக்கொண்டு வந்தது. இலை ஒரு துணுக்குகூட இல்லை, அதெல்லாம் செரித்துவிட்டது.

அருள்மேரி அழுது முடித்திருந்தாள். அந்தக் கவர்களைத் தனியாக ஒரு சட்டியில் வாரிப் போட்டாள், மாட்டோடு சேர்த்துப் புதைத்தால் மண்ணுக்கும் கெடுதல் என்று. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“நீங்க நல்லதுதான் குடுத்தீங்க நைனாரே. மாடுதான் எல்லாரையும் உங்கள மாதிரியே நெனச்சிடுச்சி.”

ஆகவே, ஸ்டால் போடும் சக பாவிகளே, கவர் தராமல் வியாபாரம் செய்வது கஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கஷ்டம் நாம் கடையைச் சுத்தமாகக் கூட்டி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.