யாருக்காக எழுந்து நின்றார்

திருத்தணியில் காலை ரயில் ஏறும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். பெயர் தெரியாது. நரைத்த மீசை, கசங்காத வெள்ளைச் சட்டை, கையில் ஏதாவது ஒரு வக்கீலின் வாழ்க்கை வரலாறு. அரசியல் சட்டத்தை எழுதியவர்கள், அரசாங்கத்தையே எதிர்த்து வாதாடியவர்கள் என்று அந்த வகைப் புத்தகம் மட்டும்தான் படிப்பார். அதிலும் பிறப்பு, படிப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேராகக் கோர்ட் அத்தியாயத்துக்குப் போய்விடுவார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க பொறந்தாருன்னு தெரிஞ்சிகினு இன்னாங்க பண்றது? யாருக்காக எழுந்து நின்னாருன்னு தெரிஞ்சா போதும்."

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் பெட்டி முழுக்க மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள், சந்தன வாசனை. திடீரென்று ஒருவன் கத்தினான்: "மேல இருந்த பையிலேர்ந்து ஒரு மொட்டை போனை எடுத்தான், நான் பாத்தேன்!" வாசலோரம் நின்றிருந்த ஒரு மொட்டையை நாலு பேர் பிடித்துக் கையை ஓங்கிவிட்டார்கள்.

அவர் புத்தகத்துக்குள் விரலை வைத்தபடியே எழுந்துபோய்க் குறுக்கே நின்றார்.

"இங்க எல்லாருமே மொட்டைதான். இவருதான்னு எத வெச்சி சொல்ற?"

கத்தியவன் பெட்டியைச் சுற்றிப் பார்த்தான். ஓங்கிய கைகள் இறங்கின.

அரக்கோணத்தில் இறங்கும்போது அவர் என்னிடம் தயங்கிக்கொண்டே வந்தார்.

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்க, வீட்டுக்குச் சொல்லணும். போனது என்னுதுதான்."

என் போன் போயிருந்தால் முதல் அடி என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.