பாலிஷ் மெஷினும் அம்மாவின் குடமும்

அப்பா பாலிஷ் மெஷின் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததுமே, அதில் முதலில் மெருகேற வேண்டியது அம்மாவின் பித்தளைக் குடம்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா இறந்து மூன்று வருடம். அவள் முகம் சரியாக ஞாபகமில்லை. சீராக வந்த அந்தக் குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த அவள் பேர்தான் ஞாபகம். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து தினமும் அதை விரலால் தடவிப் படிப்பேன்.

அப்பா கிரில் பட்டறையில் கூலிக்கு இருந்தவர். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, பொங்கலுக்கு முன் ஊரார் பாத்திரங்களுக்கு மெருகேற்றித் தரலாம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவழியாக ஒரு நாள் நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினோம். அப்பா, சித்தி, நான், என் மடியில் குடம். சித்தி என்றால், அம்மாவுக்குப் பிறகு அப்பா கட்டிக்கொண்டு வந்தவள். அவள் பையில் அவளுடைய சீர்ச் சொம்பு எட்டிப் பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடையில் அப்பா சந்தையில் மாடு பிடிக்கிறவர் மாதிரி மெஷின்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். தூக்கிக் கனம் பார்த்தார். சக்கரம் மாட்டுகிற தண்டை ஆட்டிப் பார்த்தார். காப்பர் வைண்டிங்தானா என்று மூன்று தடவை கேட்டார். ஓடவிட்டு, மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடைசியில் இருப்பதிலேயே வேகமாகச் சுற்றுகிற ஒன்றின் மேல் அவர் மனம் போனது.

சோதித்துப் பார்க்க ஒரு பாத்திரம் கேட்டார் கடைக்காரர். நான் குடத்தை நீட்டினேன். சித்தி என் கையோடு சேர்த்து அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு பாப்பா. மொதல்ல என்னுதப் போட்டுப் பாக்கட்டும்."

கடைக்காரர் சொம்பைத் துணிச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தார். கறுத்துக் கிடந்த சொம்பு பளபளவென்று வந்தது. அப்பா "அடேயப்பா!" என்றார். சித்தி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேகத்தக் கம்மி பண்ற மாதிரி ஒண்ணு இருக்குதாங்க?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"இன்னா நீ, ஊரே ஜாஸ்தி ஓடறதத் தேடிக்கினு இருக்குது. நீ கம்மியக் கேக்கற?" என்றார் அப்பா.

"இது வேணாங்க. பாத்திரத்தத் தின்னுது."

அதற்கு மேல் அவள் நகரவில்லை. வேகத்தைத் திருகிக் குறைக்கிற மெஷினை அப்பா முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார். இன்றைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கிறது, அது வேறு விஷயம்.

பொங்கலுக்கு எல்லார் பாத்திரமும் மின்னியது. அம்மாவின் குடத்தை மட்டும் அந்த மெதுவான மெஷினிலும் வைக்கச் சித்தி விடவில்லை. புளி போட்டுக் கையால் தேய்த்துக் கவிழ்த்தாள். மற்றதற்கு நடுவில் அது மங்கலாக நின்றது. அம்மாவையே ஒதுக்கி வைத்த மாதிரி எனக்கு அழுகை வந்தது. எட்டு வயதில் நான் பெரிய நீதிபதி.

"உன்னுது மின்னணும், எங்கம்மாது மின்னக் கூடாதா?" என்று கேட்டேவிட்டேன். இரண்டு நாள் அவள் போட்ட சோற்றை நான் தொடவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

என் கல்யாணத்துக்கு அந்தக் குடத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். கழுத்தில் அம்மாவின் பேர் ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. உன் சொம்பையும் கொடேன் என்று ஆசையாகக் கேட்டேன். கையில் வாங்கிப் பார்த்தால், பேர் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

"உன் பேரு எங்க சித்தி?"

"அது அன்னிக்கே கடையில பூடுச்சி. போனா இன்னாடி, நான்தான் இருக்கனே."

மெஷின் வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து திரும்பிய அன்று, அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று பஸ்ஸில் முன் சீட்டுக்குப் போயிருந்தேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சொம்பை மடியில் வைத்து, ஒரே இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். மினுமினுப்பைப் பார்த்துப் பூரித்துப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.