தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்

என் வேலை என்னவென்று அம்மாவிடம் நான் உண்மையைச் சொன்னதில்லை. புனே கேம்ப் பகுதியில் இருக்கிற சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எம்மவ நாலு பேருக்கு வேலை போட்டுக் குடுக்கிறா" என்று பீற்றிக்கொள்வாள். ஒரு காலத்தில் அது நிஜம்தான். கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் கடைசி இரண்டு வருடமாக நான் செய்தது ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிற வேலை. வானவடி வீட்டின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்து, ஆளுக்குக் கால் மணி நேரம்.

ஒன்று, அவர்கள் வேலையைச் சாஃப்ட்வேரே செய்துவிடும். இல்லையென்றால் அது வேறு நாட்டுக்குப் போயிருக்கும். எதுவானாலும் நான் வாசிக்கிற ஆங்கிலத் தாள் ஒன்றுதான். அதை எழுதியதும் நானே. நடுவில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.' மேலதிகாரிகள் ஆகா ஓகோ என்றார்கள். எனக்கும் பெருமைதான், வெட்கங்கெட்டவள். அவர்கள் தண்ணீர் குடிக்கப் போகிற நேரத்தில் நான் அடுத்த ஆளின் விவரத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு நாள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் திரையில் வந்தார். புனேயில் எல்லோரும் கடித்துத் துப்புகிற அவர் பெயரை நான் சரியாக உச்சரித்துவிட்டேன். தாளை வாசித்து முடிக்கும் வரை பேசாமல் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், எம்பேரைச் சரியாச் சொன்னீங்க. நீங்க தமிழுங்களா?"

நான் தாளில் அடுத்த வரியைத் தேடினேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஊட்ல அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றதுங்க?"

அழைப்பெல்லாம் பதிவாகும். தாளைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி. அடுத்த விஷயத்துக்குப் போவோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ஆமாம், தமிழ்தான், ஒரு ரெண்டு நாள் பொறுத்துச் சொல்லுங்க என்றிருந்தால் என் தலையையா வாங்கியிருப்பார்கள்? பயம். என் வேலை போய்விடுமோ என்ற பயம்.

அந்த வேலை இந்த மழைக்காலத்தில் போனது. காலையில் லேப்டாப்பில் ஒரு மீட்டிங் அழைப்பு வந்தது. கால் மணி நேரம், நான் மற்றவர்களுக்கு வைக்கிற அதே தலைப்பு. பார்த்ததுமே எதற்கென்று தெரிந்துவிட்டது. ஏனோ தலையை வாரி நல்ல குர்த்தா ஒன்றை மாற்றிக்கொண்டேன். சமையலறையில் அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒரு முகம்கூட இல்லை. குரல் மட்டும். தான் ஒரு இயந்திர உதவியாளர் என்று பதவிசாகச் சொல்லிவிட்டு, என் தாளை எனக்கே வாசித்தது. ஒரு சொல் மாற்றவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அதுவும் பேசாமல் காத்திருந்தது. அந்தச் சனியனுக்குப் புரட்டிப் பார்க்க அடுத்த ஆளின் விவரம்கூட இல்லை போலிருக்கிறது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முழிக்கட்டும் என்றுதான் தமிழில் கேட்டேன்.

"வீட்ல அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

அது முழிக்கவில்லை. சுத்தமான தமிழில், நிதானமாகப் பதில் சொன்னது. "இது உங்களுக்குக் கடினமான நேரம் என்று புரிகிறது. அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். இதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம்."

அந்த அழைப்பும் பதிவாகியிருக்கும். அம்மா என்று ஒருத்தி இல்லாத அது பதில் சொல்லிவிட்டது. அந்த மனிதர் கெஞ்சிக் கேட்டபோது நான் சொல்லவில்லை. அவர் வீட்டில் என்ன சொன்னாரோ, சொன்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவருடைய எண்ணும் என்னிடம் இல்லை, இனி கம்பெனி கணினியைத் திறந்து தேடவும் முடியாது.

அம்மா கதவைத் தட்டினாள்.

"மீட்டிங் ஹோ கயா, முடிஞ்சுதா? ஜல்தி வாடி, மீன் ஆறுது. இன்னிக்கு எத்தன பேருக்கு வேல போட்ட?"

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கம்மா, நீ சாப்பிடு" என்றேன். லேப்டாப்பை மூடி வெகு நேரம் ஆகியிருந்தது.