சந்தனம் வைத்த எச்டிஎம்ஐ

கல்யாண வீட்டில் வீடியோக்காரன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். தெரிந்தும் என் வாய் சும்மா இருப்பதில்லை.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டு மண்டபம். மாடியில் மணவறை, கீழே பந்தி. பெண்ணுக்கு அப்பா இல்லை. எல்லாம் சித்தப்பா பொறுப்பு. புருஷனை இழந்தவர் தாலி கட்டும்போது மணவறைப் பக்கம் வரக்கூடாதாம். அதனால் பெண்ணின் அம்மாவுக்குப் பந்திக் கூடத்தில் ஒரு நாற்காலியும் ஒரு டிவியும் ஒதுக்கியிருந்தார் சித்தப்பா. "மதினி குறைப்படக் கூடாதுல்லா? அதான் பெரிய டிவியாப் போட்டுருக்கேன்" என்றார். என்ன தாராள மனசு!

மேடைப் படத்தைக் கீழே கொண்டுபோக நான் எஸ்டிஐ வயர் வைத்திருந்தேன். கருப்பாக, லட்சணமில்லாமல் இருக்கும். ஆனால் மண்டபத்தையே சுற்றி வந்தாலும் படம் கலங்காது. முனையைத் திருகிவிட்டால் யார் கால் தட்டினாலும் கழலாது. சித்தப்பாவோ மூன்று எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி வந்திருந்தார். முனைகளில் தங்க முலாம்.

"அண்ணாச்சி, அது டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவுல போடுதது. மூணையும் ஒட்டுப் போட்டா படம் நிக்காது."

"ஏலே, தங்கத்த விடவா ஒன் கரிவயரு ஒசத்தி? மாப்ள வீட்டுக்காரங்க வாசுதேவநல்லூர்லேருந்து வாராங்க. பாத்தா என்ன நெனைப்பாங்க?"

தங்கம் என்று சொன்னபிறகு கல்யாண வீட்டில் ஏது விவாதம்? மாட்டினேன். படமும் வந்து தொலைத்தது. நான் அசடு வழிந்து நின்றேன். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சாமானாச்சே என்று கேபிள்கள் சேரும் இடத்திலெல்லாம் குழைத்த சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தார்.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றிவந்தபோது, "டிவில ஒண்ணும் தெரியல!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. கேமராவைக் கூட்டாளியிடம் விட்டு, அதில் என் கருப்பு வயரைத் திருகி, மறுமுனையோடு ஓடினேன். படிக்கட்டில் தங்கக் கேபிளின் இணைப்புக்குள் சந்தனம் இறங்கி வழிந்துகொண்டிருந்தது.

பெண்ணின் அம்மா நாற்காலி நுனியில் இருந்தார். "தம்பி, இப்ப வந்துருமா?"

"ரெண்டே நிமிசம்மா."

தாலி ஏற அந்த ரெண்டு நிமிஷம்கூட இல்லை என்று எனக்கே தெரியும். என் வயரை டிவியோடு சேர்க்கும் சின்ன மாற்றுப் பெட்டி கையிலிருந்து நழுவியது. மேலே யாரோ கெட்டிமேளத்துக்குக் குரல் கொடுத்தார்கள்.

"வயர்ல வராட்டா போவுது. நானே போயிப் பாத்துக்கிடுதேன்" என்று எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டார்.

நான் பெட்டியை எடுத்து டிவியில் மாட்டி, வயர் முனையைத் திருகினேன். படம் வந்தது, துளி கலங்கல் இல்லாமல். மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. மகளுக்குப் பின்னாலேயே நின்று அட்சதை போட்டுக்கொண்டிருந்தார் அம்மா. பக்கத்தில் சித்தப்பா வாயைத் திறந்தபடி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்காலி காலியாகத்தானே கிடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன்.