ஆணியில் தொங்கிய தூக்குச்சட்டி

அக்காவின் பித்தளைத் தூக்குச்சட்டியில் இப்போது நான் உப்பு போட்டு வைத்திருக்கிறேன். அதன் விளிம்பில் ஒரு நெளிவு உண்டு. அதில் விரல் படும்போதெல்லாம் எங்கள் பழைய மேஸ்திரி நினைவுக்கு வருவார். முகம் அல்ல, அவருடைய முதுகு.

குளச்சலில் பனைநாரைச் சீவிக் கட்டி வைக்கும் ஒரு பனந்தும்புக் கிட்டங்கியில் அக்காவும் நானும் வேலை பார்த்தோம். தும்புக் கட்டுகளை அடுக்கும் உள்ளறைக்கும் நாங்கள் தும்பு சீவும் கூடத்துக்கும் நடுவே கனத்த சுவர், அதில் ஓர் இரும்புக் கதவு. தீப்பிடித்தால் தண்ணீர் தேடி ஓடக் கூடாது. கதவை அடைத்து இடுக்கெல்லாம் ஈரக் களிமண் பூசிவிட வேண்டும், காற்றில்லாமல் தீ தானே அவிந்துவிடும் என்பது மேஸ்திரியின் சட்டம். களிமண் எப்போதும் குழைத்தே இருக்கும். உள்ளறைக்குப் போகிறவள் தன் சோற்றுச் சட்டியைக் கதவருகே ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வாள். சட்டி தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஒரு நண்பகலில் உள்ளறையிலிருந்து புகை வந்தது. பெண்கள் இருமிக்கொண்டே ஓடிவந்து அவரவர் சட்டியை எடுத்தார்கள். மேஸ்திரி உள்ளே தலையை நீட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. கதவை அடைத்துக் களிமண்ணை அள்ளினார். ஆணியில் அக்காவின் சட்டி மட்டும் தொங்குவதை அப்போதுதான் பார்த்தேன்.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு, கதவின் அடிப்பக்கத்தில்.

"அண்ணாச்சி, தொறயும்! எங்க அக்கா உள்ள கெடக்கா!"

"கயிறு எரிஞ்சு கட்டு உருண்டு கதவுல முட்டுது மக்கா. தொறந்தா தீ இங்க பாயும். பின்னால உள்ள ஓலைக்குடியெல்லாம் வெந்துரும்."

அந்தக் குடிசைகளில் ஒன்று எங்களுடையது. ஆனால் எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அக்காவின் சட்டியாலேயே அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தேன். அவர் திரும்பவே இல்லை, பூசிக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் தட்டுவது நின்றுபோனது.

"ஏட்டி, என்ன புகை?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு அக்கா நின்றாள். பால் கொடுக்கக் குடிசைக்கு ஓடியிருக்கிறாள். மேஸ்திரி ஏசுவாரே என்று, உள்ளே வேலை செய்வதுபோல் காட்டச் சட்டியை ஆணியிலேயே விட்டுப் போயிருக்கிறாள். கெட்டிக்காரி! மேஸ்திரி அவளை ஏசவில்லை. அவளையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சூடு ஆறிய பிறகு கதவைத் திறந்தார்கள். வாசலில் கரிந்த கட்டுகள்தான் உருண்டு கிடந்தன. ஆளில்லை. ஊரே மேஸ்திரியைப் புகழ்ந்தது.

நெடுநாள் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார்: "கட்டு உருளுதுண்ணு சும்மா சொன்னேன் மக்கா. உங்க அக்கா தட்டுதாண்ணுதான் நெனச்சேன்."

இதை நான் அக்காவிடம் சொன்னதில்லை. இப்போதும் அவள் உப்புக் கேட்டு வருவாள். காலடி கேட்டதும் எழுந்து போய், அவள் கை கதவில் படுமுன் திறந்துவிடுகிறேன்.